பயனுள்ள இணையதளங்களைப் பிரவுசரில் சேமிப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

தருமபுரியில் கணினி வகுப்பு எடுக்கிறேன். பட்டா பார்க்கப் பழக வருகிற விவசாயிகள், அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், மகன் பெங்களூரில் இருக்க இங்கே தனியாகப் போனோடு போராடும் அம்மாக்கள் என்று பலரும் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "போன வாரம் பார்த்த அந்தப் பக்கம் எங்கே போச்சு?" குரோம் மாதிரி இணையம் பார்க்கும் பிரவுசரில், பிடித்த பக்கத்தைக் குறித்து வைப்பதற்குப் பெயர் 'புக்மார்க்'. அதைப் பற்றி வகுப்பில் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

புக்மார்க் போட்டால் அந்தப் பக்கமே என் போனில் சேர்ந்துவிடுமா?

சேராது. பக்கத்தின் முகவரி மட்டும்தான் சேரும். தெரிந்தவர் வீட்டுக்கு வழி எழுதி வைத்த சீட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு நம் கையில் இருக்கும், வீடு அங்கேதான் இருக்கும். அதனால் நெட் இல்லாதபோது புக்மார்க்கைத் தொட்டாலும் பக்கம் திறக்காது. அவர்கள் பக்கத்தை எடுத்துவிட்டாலும் திறக்காது.

பெயரைப் பார்த்தும் பலர் குழம்புகிறார்கள். 1993-இல் வந்த மொசைக் பிரவுசரில் இதற்கு 'ஹாட்லிஸ்ட்' என்று பெயர். நெட்ஸ்கேப் 'புக்மார்க்' என்றது. மைக்ரோசாஃப்ட் 'ஃபேவரிட்ஸ்' என்றது, எட்ஜ் பிரவுசரில் இன்றும் அதுதான் பெயர். தமிழில் 'புத்தகக்குறி' என்றும் பார்ப்பீர்கள். எல்லாம் ஒன்றே.

சரி, எப்படிப் போடுவது?

கணினியில் பக்கம் திறந்திருக்கும்போது கன்ட்ரோல் விசையோடு டி விசையை அழுத்துங்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் இதுதான். முகவரிப் பட்டியின் வலது ஓரத்தில் உள்ள நட்சத்திரத்தைச் சொடுக்கினாலும் சரி. ஆண்ட்ராய்டு போனில் குரோம் என்றால் மேலே மூன்று புள்ளிகளைத் தொட்டு, வரும் பட்டியலில் நட்சத்திரத்தைத் தொடுங்கள். ஐபோன் சஃபாரியில் பகிர்வுக் குறியைத் தொட்டால் புக்மார்க் சேர்க்கும் வழி இருக்கும்.

கூகுளில் தேடினால் வந்துவிடுகிறதே. எதற்கு மெனக்கெட்டுச் சேமிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து வகுப்புக்கு வரும் ஒருவர், போனில் 'பட்டா' என்று தேடி, முதலில் வந்த லிங்க்கைத் தொட்டிருக்கிறார். அரசுத் தளம் போலவே கோபுரப் படம், அதே நிறம். பெயர், ஆதார் எண், போன் எண் எல்லாம் கேட்டது, கொடுத்தார். கடைசியில் கட்டணம் என்று பணமும் கேட்டது, கட்டினார். பட்டா வரவில்லை. தமிழ்நாடு அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் பட்டா, சிட்டாவைப் பார்ப்பதற்குக் கட்டணமே கிடையாது என்று நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கை மறக்க முடியவில்லை. பணம் போனதைவிட, ஆதார் எண்ணை யாரிடம் கொடுத்தோம் என்று தெரியாததுதான் அவரை உறுத்தியது.

தேடலில் முதலில் வருவது எப்போதும் உண்மையான தளம் என்று நினைக்காதீர்கள். காசு கட்டி மேலே வந்த விளம்பரமாகவும் இருக்கலாம். ஒருமுறை சரியான முகவரியை உறுதி செய்து புக்மார்க் போட்டுவிட்டால், அப்புறம் ஒவ்வொரு முறையும் தேடவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். நேரம் மிச்சமாவது நல்லதுதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது ஏமாறாமல் இருப்பது.

உறுதி செய்வது எப்படி? முகவரியில் ஆரம்பத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே 'ஜிஓவி புள்ளி ஐஎன்' அல்லது 'என்ஐசி புள்ளி ஐஎன்' என்று முடிந்தால் அரசுத் தளம். 'ஜிஓவி' என்ற எழுத்துகள் நடுவில் எங்கோ இருந்து, முடிவு 'காம்' என்றோ 'ஆன்லைன்' என்றோ இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். பூட்டுப் படம் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். போலித் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும்.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா? தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். அந்தத் தளத்தையும் ஒரு புக்மார்க்காகப் போட்டு வைத்திருங்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் எந்தெந்தத் தளங்களைச் சேமிக்கலாம்?

ஆளுக்கு ஆள் மாறும். நிலம் இருப்பவர்களுக்கு இரண்டு தளங்கள் கட்டாயம்: மேலே சொன்ன பட்டா தளம், பதிவுத்துறையின் தளம். 'ஈசி' என்று சொல்கிற வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறைத் தளத்தில் பார்க்கலாம்.

விவசாயம் என்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தை முதலில் போடுங்கள். மா, தக்காளி, கேழ்வரகு, பட்டுப்புழு என்று நம் பக்கத்துப் பயிர், தொழில் எல்லாவற்றுக்கும் அதில் தமிழிலேயே விவரம் இருக்கிறது. பாலக்கோட்டில் தக்காளி போடுகிறவர்கள் அக்மார்க்நெட் தளத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றச் சந்தைகளின் விலையைப் பார்த்துவிட்டு வியாபாரியிடம் பேசுவதற்கும், பார்க்காமல் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு. பிஎம் கிசான் தளமும் வேண்டும். வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது. தவணை வந்ததா என்று பார்க்க இன்னொருவரிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

படிக்கிற பிள்ளைகளுக்கு டிஎன்பிஎஸ்சி தளம், அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தளம். தேர்வு முடிவு வரும் நாளில் தேடிக்கொண்டிருந்தால் பதற்றத்தில் கண்ட லிங்க்கையும் தொடுவோம். ஒரு வாரம் முன்பே போட்டு வைத்துவிடுங்கள்.

ஒகேனக்கல்லுக்கு உறவினர்களை அழைத்துப் போகிறவர்கள் மத்திய நீர் ஆணையத்தின் வெள்ள முன்னறிவிப்புத் தளத்தைச் சேமிக்கலாம். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீரை அளக்கிறார்கள். நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போடுவது வழக்கம். மாவட்ட நிர்வாகத்தின் தளத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் பென்னாகரம் வரை போய்த் திரும்ப வேண்டியிருக்காது.

தமிழ் படிப்பவர்களுக்கு தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகமும். வகுப்புக்கு வரும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், தகடூர் அதியமானை ஔவை பாடிய பாடல்களுக்கென்றே ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறார். அவர் அதைத் திறந்து காட்டும்போது அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

வங்கித் தளத்தையும் புக்மார்க் போடலாமா? ஆபத்து இல்லையா?

போடலாம். போட வேண்டும் என்றே சொல்வேன். புக்மார்க்கில் பாஸ்வேர்டு இருக்காது, முகவரி மட்டும்தான். ஆனால் ஒன்று: ரிசர்வ் வங்கி 2025-இல் எல்லா வங்கிகளும் தங்கள் தளங்களை 'பேங்க் புள்ளி ஐஎன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டு, அக்டோபர் 31 வரை கெடு கொடுத்தது. அதற்கு முன் நீங்கள் போட்ட வங்கிப் புக்மார்க் பழைய முகவரியாக இருக்கும். ஒருமுறை திறந்து, முகவரி எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து, புதியதைச் சேமித்துவிட்டுப் பழையதை நீக்குங்கள்.

வாடிக்கையாளர் சேவை எண்ணையும் இந்தப் புக்மார்க் வழியாகப் போய்த்தான் எடுக்க வேண்டும். கூகுளில் தேடி எடுக்கவே எடுக்காதீர்கள்.

நட்சத்திரம் போட்டேன். ஆனால் தேவைப்படும்போது எது எது என்று தெரியவில்லை.

பெயரை மாற்றாமல் விட்டிருப்பீர்கள். தளங்கள் தாங்களாகக் கொடுக்கும் பெயர் 'முகப்பு' என்றோ 'நல்வரவு' என்றோ இருக்கும், இல்லையென்றால் ஒரு முழ நீளத்துக்கு இருக்கும். அப்படிப் பத்து 'முகப்பு' சேர்ந்தால் யாருக்குத்தான் தெரியும்?

சேமிக்கும்போது வரும் சிறிய பெட்டியிலேயே பெயரை மாற்றுங்கள். தளத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் வேண்டாம். மூன்று மாதம் கழித்து அதைத் தேடும்போது உங்கள் வாயில் என்ன சொல் வருமோ, அந்தச் சொல்லைப் போடுங்கள். பதிவுத்துறைத் தளத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'வில்லங்கம் ஈசி பத்திரம்'. மூன்றில் எதைத் தட்டினாலும் வந்துவிடும். தமிழில் தட்டத் தடுமாறுகிறவர்கள் கூடவே ஒரு ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துவிடுங்கள்.

தேடுவதற்குக் குறுக்குவழியும் உண்டு. கணினி குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எல்லாப் புக்மார்க்குகளும் ஒரே பக்கத்தில் திறக்கும், மேலே தேடும் பெட்டி இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டியில் * போட்டு ஒரு இடைவெளி விட்டுச் சொல்லைத் தட்டினால் புக்மார்க்குகளில் மட்டும் தேடும்.

என் நிலத்தின் பட்டா திறந்திருக்கும்போது புக்மார்க் போட்டேன். மறுநாள் தொட்டால் பிழை என்று வருகிறது.

மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், போனுக்கு வந்த ஓடிபி என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துத்தான் அந்தப் பக்கத்துக்குப் போனீர்கள். நீங்கள் கொடுத்தது எதுவும் முகவரியில் பதிவதில்லை. அந்த நேரத்துக்கு மட்டும் தளம் நினைவில் வைத்திருந்தது, அப்புறம் மறந்துவிட்டது. ரயில் டிக்கெட், தேர்வு விண்ணப்பம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் இப்படித்தான். அதனால் இந்த மாதிரித் தளங்களுக்கு முதல் பக்கத்தை மட்டும் சேமியுங்கள். கிடைத்த விவரத்தைப் பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நான் செய்யும் ஒரு காரியம் பலருக்குப் பிடித்திருக்கிறது. என்னென்ன தேர்வு செய்ய வேண்டும் என்பதைப் புக்மார்க்கின் பெயரிலேயே எழுதிவிடுவது. 'பட்டா, கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளி வட்டம்' என்று போட்டு, கூடவே கிராமப் பெயர். நம் பகுதிக்கு இது ரொம்பவும் தேவை. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். அதற்கு முந்தைய பத்திரத்தில் தருமபுரி மாவட்டம் என்றிருக்கும். 1965-க்கு முந்தைய தாத்தா காலத்துப் பத்திரம் என்றால் சேலம் மாவட்டம் என்றிருக்கும். பத்திரத்தைப் பார்த்தபடியே தருமபுரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "எங்க ஊரே இதுல இல்லையே சார்" என்று ஊத்தங்கரையிலிருந்து வந்த அம்மா ஒருவர் கலங்கிப் போனார். ஊர் இருக்கிறது, மாவட்டம்தான் மாறியிருக்கிறது.

ஃபோல்டர் எப்படிப் பிரிப்பது? எத்தனை வைக்கலாம்?

முதல் நாளே இருபது ஃபோல்டர் போடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு மாதத்தில் அதைத் திறப்பதையே விட்டுவிடுவார்கள். முப்பது புக்மார்க் சேரும்வரை ஃபோல்டரே தேவையில்லை என்பது என் கருத்து. சேர்ந்ததும், எது எதோடு எது ஒட்டுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பிரிக்கும்போது பாடத்தை வைத்துப் பிரிக்காதீர்கள், வேலையை வைத்துப் பிரியுங்கள். 'அரசு' என்று ஒரு ஃபோல்டர் வைத்தால் பாதித் தளங்கள் அதில்தான் விழும். அதைவிட 'நிலம்', 'பணம் கட்ட', 'பிள்ளைகள் படிப்பு', 'தோட்டம்', 'உடம்பு' என்று வைத்தால் கை தானாகப் போகும். மாங்காய் மண்டியில் பெங்களூரா ஒரு பக்கம், செந்தூரா ஒரு பக்கம் என்று கொட்டுகிறார்கள் இல்லையா? பெங்களூரா கூழ் ஆலைக்குப் போகிறது, செந்தூரா பழக்கடைக்குப் போகிறது. எங்கே போகப் போகிறது என்பதை வைத்துத்தான் அங்கே பிரிக்கிறார்கள். இங்கேயும் அப்படியே.

தினமும் தொடும் ஆறேழு தளங்களைப் புக்மார்க் பட்டியில் வையுங்கள். கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தினால் அந்தப் பட்டி முகவரிக்குக் கீழே வரும். இடம் பற்றவில்லை என்றால் பெயரை அழித்துவிட்டுச் சின்னத்தை மட்டும் விடலாம்.

'அப்புறம் பார்க்க' என்று ஒரு ஃபோல்டர் எல்லோருக்கும் வேண்டும். அவசரத்தில் போடுவதெல்லாம் அதில் போகட்டும். ஆனால் வாரம் ஒருமுறை அதைக் காலி செய்ய வேண்டும். போச்சம்பள்ளிச் சந்தை கூடும் ஞாயிற்றுக்கிழமையை நான் அதற்கு வைத்திருக்கிறேன், நாள் மறக்காது. படித்ததை நீக்கிவிடுவேன், வைக்க வேண்டியதைப் பெயர் மாற்றி அதனதன் ஃபோல்டருக்கு அனுப்பிவிடுவேன். பத்து நிமிட வேலை.

ஒரே தளம் இரண்டு ஃபோல்டருக்குப் பொருந்துகிறதே?

இரண்டிலும் போடுங்கள், தவறில்லை. கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருந்தால் குறிச்சொல் (டேக்) போடும் வசதி உண்டு. ஒரு புக்மார்க்குக்கு எத்தனை குறிச்சொல் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

நான் எதையும் மூடுவதே இல்லை. எல்லா டேப்பும் திறந்தே இருக்கிறது. அது போதாதா?

போதாது. போன் குரோமில் நூறு டேப்பைத் தாண்டினால் எண் காட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்த முகம் ஒன்றைக் காட்டும். அந்த முகம் வந்த போன்கள் என் வகுப்பில் பல உண்டு. தவறுதலாக 'அனைத்தையும் மூடு' தொட்டுவிட்டால் அவ்வளவு நாள் சேர்த்ததும் போகும். கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி அழுத்துங்கள். திறந்திருக்கும் டேப்புகள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் சேமிக்கப்படும். அப்புறம் தைரியமாக மூடலாம்.

லிங்க்கை எல்லாம் எனக்கு நானே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறேன்.

அன்றைக்குத் தேவை என்றால் நல்ல வழிதான். ஆனால் காஸ் ரசீதுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில் அது புதைந்துவிடும். அதுவும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் சேரட்டும்.

போனில் போட்டது கணினியில் வருமா?

இரண்டிலும் ஒரே பிரவுசர், ஒரே கணக்கில் நுழைந்து, ஒத்திசைவு (சிங்க்) இயங்கினால் வரும். குரோமுக்குக் கூகுள் கணக்கு, ஃபயர்ஃபாக்ஸுக்கு மோசில்லா கணக்கு. போன் தொலைந்தாலும், புதுப் போன் வாங்கினாலும் இதே வழியில் திரும்பக் கிடைக்கும். ஓசூரில் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: அலுவலகக் கணினியில் சொந்தக் கணக்கைப் போட்டு ஒத்திசைக்காதீர்கள். உங்கள் வங்கி, மருத்துவமனை, வேலை தேடும் தளம் எல்லாம் அங்கே வந்து உட்காரும்.

பிரவுசிங் சென்டரில் எப்படி?

அங்கே கணக்கில் நுழையவே வேண்டாம். குரோமில் விருந்தினர் சாளரம் உண்டு, அதைத் திறக்கச் சொல்லுங்கள். மூடியதும் சுவடு அந்தக் கணினியில் தங்காது. இன்காக்னிட்டோ சாளரத்தில் வரலாறு (ஹிஸ்டரி) பதியாது, ஆனால் அங்கே புக்மார்க் போட்டால் அது அந்தக் கணினியிலேயே தங்கிவிடும். இது பலருக்குத் தெரிவதில்லை.

ஹிஸ்டரியை அழித்தால் புக்மார்க் போய்விடுமா?

போகாது.

தவறுதலாக ஒரு ஃபோல்டரையே அழித்துவிட்டேன்!

பதறாதீர்கள், பிரவுசரையும் மூடாதீர்கள். கணினி குரோமில் புக்மார்க் மேலாளர் பக்கத்தில் இருந்தபடியே கன்ட்ரோல், இசட் அழுத்துங்கள், திரும்பி வரும். ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே தேதி வாரியாகக் காப்பு எடுத்து வைத்திருக்கும். நூலகச் சாளரத்தில் 'மீட்டெடு' என்பதற்குள் தேதிகள் தெரியும். ஆனால் பழைய தேதிக்குப் போனால் அதற்குப் பின் சேர்த்தவை போய்விடும், அதைக் கவனியுங்கள்.

எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வைக்க வழி உண்டா?

உண்டு. புக்மார்க் மேலாளரில் 'ஏற்றுமதி' என்று இருக்கும். ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு கிடைக்கும். அதை எந்தப் பிரவுசரில் திறந்தாலும் பட்டியலாகத் தெரியும், எந்தப் பிரவுசருக்குள்ளும் இறக்குமதி செய்யலாம். அந்தக் கோப்பின் முதல் வரியில் இன்றும் நெட்ஸ்கேப்பின் பெயர் இருக்கிறது. அந்தப் பிரவுசர் மறைந்து எவ்வளவோ காலம் ஆகியும் அதன் கோப்பு வடிவத்தில்தான் எல்லோரும் பரிமாறிக்கொள்கிறார்கள்.

வருடம் இரண்டு முறையாவது இதைச் செய்யுங்கள். கட்டுரைகளைச் சேமித்துப் படிக்க உதவிய பாக்கெட் சேவையை 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள். ஏற்றுமதி செய்து வைத்தவர்களுக்குத்தான் தங்கள் பட்டியல் மிஞ்சியது. பெரிய சேவையாக இருந்தாலும், நம் பட்டியலின் ஒரு பிரதி நம் பென்டிரைவில் இருக்க வேண்டும்.

பழைய புக்மார்க்கைத் தொட்டால் 'பக்கம் இல்லை' என்கிறது.

முகவரியின் பின்பகுதியை அழித்துவிட்டு முதல் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். பாதி நேரம் பக்கத்தை இடம் மாற்றியிருப்பார்கள். அங்கேயும் இல்லை என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியை ஒட்டிப் பாருங்கள். 2001-இலிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது, பழைய பக்கங்களின் படியை வைத்திருக்கிறார்கள். முக்கியமான பக்கம் என்றால் நீங்களே அங்கே சேமிக்கச் சொல்லலாம், அது இலவசம். தேர்வு அறிவிக்கை, மானிய விதிமுறை போன்றவற்றைப் புக்மார்க்கை மட்டும் நம்பி விடாமல் கன்ட்ரோல், பி அழுத்திப் பிடிஎஃப் ஆகவும் எடுத்துவிடுங்கள்.

அப்பாவுக்கு வயது எழுபது. தட்டச்சு வராது. அவருக்கு எப்படிப் போட்டுக் கொடுப்பது?

அவருக்குப் புக்மார்க் பட்டியல் வேண்டாம். போன் குரோமில் தளத்தைத் திறந்து, மூன்று புள்ளிகளுக்குள் 'முகப்புத் திரையில் சேர்' என்பதைத் தொடுங்கள். ஆப் மாதிரியே ஒரு சின்னம் திரையில் வந்து உட்காரும். பெயரை அவர் பேசுகிறபடியே வையுங்கள். 'கிசான் பணம்', 'பட்டா', 'மழை' என்று மூன்று போதும். மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து, உங்கள் எதிரிலேயே நாலைந்து முறை அவரையே தொட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் சட்டைப் பையில் வைத்திருக்கும் சின்ன நோட்டிலும் அந்த முகவரிகளையும் 1930 என்ற எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். போன் மாறினாலும் பேரப்பிள்ளை யாராவது பார்த்துப் போட்டுத் தருவார்கள்.